அழுக்குப் பஞ்சு

அதைக் கழுவிரக் கூடாதுன்னு சொன்னேனா, சொல்லலையா. சொன்னேன். செருப்ப மாட்டும்போது ஒரு தடவ சொன்னேன், அவுக படி இறங்கும்போது கைப்பிடியப் பிடிச்சு எட்டிப் பாத்துக்கிட்டு இன்னொரு தடவ சொன்னேன், கீழ்வீட்டுக்காரங்க கதவத் திறந்து நிமிந்து பாக்கிற அளவுக்குச் சொன்னேன். தலைய ஆட்டுனாக. அந்தத் தலையாட்டலத்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து பாத்துக்கிட்டு இருக்கேனே, சொன்னது காதுல ஏறுறதுக்கு முன்னாலயே தலை ஆடிரும். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம், ரிடயர்டு சுகாதார ஆய்வாளர், விஜயதசமியும் அதுவுமா வெள்ள வேட்டி கட்டி, திருநீறு பூசி, பல்லாவரத்துலேருந்து கொளத்தூருக்கு பஸ் ஏறிப் போயிருக்காக. எதுக்கு, வண்ண மீன் விக்கிற ஒரு கடையிலேருந்து ஒரு அழுக்குப் பஞ்சு வாங்கிட்டு வர. நான் இங்க, மக கல்யாணமாகிப் போனதுலேருந்து காலியாக் கிடந்த ரூம்ல, கண்ணாடித் தொட்டிக்கு முன்னால பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். மடியில ஒரு டப்பா. டப்பாக்குள்ள கிழிஞ்ச வேட்டித் துண்ட நனைச்சுப் போட்டு, அது மேல என் ரெண்டு நியூட்டையும் விட்டிருக்கேன். பெரியவ அசையுறா. சின்னவன் அசையல. அவுக பஞ்ச வாங்குவாக, பாப்பாக, அழுக்கா இருக்கேம்பாக, பக்கத்துல குழாய் இருக்கும். அங்க போயி நின்னுருது என் நெனப்பு. குழாய், தண்ணி, அவுக கை. திரும்பத் திரும்ப அங்கயே போயி நின்னுருது.

நியூட்டுன்னா என்னன்னு நான் விளக்கிச் சொல்லாத ஆளே இந்த ஃபிளாட்டுல கிடையாது. வாட்ச்மேன்லேருந்து செக்ரட்டரி வரைக்கும் எல்லாருக்கும் அது பல்லி. பல்லிக்குத் தோலு காஞ்சு செதிலா இருக்கும், இதுக்கு ஈரத்தோலு, இது தவளைக்குச் சொந்தம், வாலோட ஒரு தவளைன்னு வச்சுக்கோங்க, தண்ணியிலயும் இருக்கும், கல்லுலயும் ஏறி உக்காரும்னு சொல்லிச் சொல்லி என் தொண்டத்தண்ணி வத்துனதுதான் மிச்சம். என் நடுவிரலவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் உடம்பு. மேல அட்டக் கறுப்பு. வயித்தத் திருப்பிப் பாத்தா செக்கச்செவேல்னு இருக்கும், அதுல கறுப்புத் திட்டு. அவுக அக்கா, வடிவு மதினி, நவராத்திரிக்கு அம்பாசமுத்திரத்துலேருந்து வந்திருக்காக. வந்த அன்னைக்கே தொட்டிய எட்டிப் பாத்துட்டு, "செவுத்துல ஓடுறது பத்தாதுன்னு தண்ணிக்குள்ள வேற வளக்கியாட்டி காந்தி, இது தலையில விழுந்தா என்ன பலன்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கா"ன்னு கேட்டாக. அவுக தம்பி சிரிச்சாக. நானும் சிரிச்சேன். அதான் இப்ப எரியுது, நான் ஏன் சிரிச்சேன். நான் விலங்கியல் படிச்சவ. இந்த வீட்டுல அது யாருக்கும் ஞாபகம் இல்ல, எனக்கே அப்பப்பதான் வரும். பாளையங்கோட்டையில காலேஜ்ல எங்க லேபுல, அலமாரி மேல்தட்டுல ஒரு ஜாடி இருக்கும். ஃபார்மலின்ல ஊறி ஊறி வெளுத்துப் போன ஒரு சின்ன உடம்பு, கை நாலு விரலையும் விரிச்சு கண்ணாடியத் தொட்டுக்கிட்டு. இமயமலைப் பக்கந்தான் உண்டு, நம்ம பக்கம் கிடையாதுன்னு மேடம் சொன்னாங்க. உசுரோட இருக்கும்போது என்ன நிறம் மேடம்னு கேட்டேன். தெரியாதும்மா, நானும் ஜாடியிலதான் பாத்திருக்கேன்னாங்க. அந்தப் பதில் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. தெரியாததத் தெரியாதுன்னு சொன்ன ஒரே ஆளு என் வாழ்க்கையில அவங்கதான். மேல படிக்கணும்னு கேட்டப்ப எங்கப்பா, சைவ வீட்டுப் பொண்ணு தவளைய அறுத்தது போதும், உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்னாக. நல்லதுக்குத்தான். அந்த வார்த்தைய அன்னைக்குத்தான் மொதமொதலா நல்லாக் கேட்டேன், அதுக்கப்புறம் அது என் காதவிட்டுப் போகவே இல்ல.

சில மாசத்துக்கு முன்னால, பேத்திக்கு மீன் வாங்கணும்னு மக கூப்பிட்டாளேன்னு கொளத்தூருக்குப் போனேன். அந்தத் தெருவுல வரிசையா மீன் கடை, எல்லாக் கடையிலயும் தண்ணி குமிழ் விடுற சத்தம். எப்சிபான்னு ஒரு பொண்ணு, நம்ம நாசரேத் பக்கத்துப் பொண்ணு, அவ நடத்துற கடையில மூலையில ஒரு டப்பா. அதுக்குள்ள இதுங்க ரெண்டும். பெரியவ முன்னங்கையத் தூக்கி டப்பாச் சுவர்ல வச்சா. நாலு விரலும் விரிஞ்சு. அப்புறம் தலையத் தூக்கினா, தொண்டைக்குக் கீழ அந்தச் செவப்பு தெரிஞ்சுச்சு. நான் அங்கேயே நின்னுட்டேன். இந்த நிறமா. இத்தன வருஷமா அந்த ஜாடிக்குள்ள இருந்தது இந்த நிறத்துச் சாதியா. மக, போலாம்மா போலாம்மான்னு இழுக்கிறா. எனக்கு இது வேணும்னு சொன்னேன். எனக்கு இது வேணும்னு நான் கடைசியா எப்ப சொன்னேன்னு நெனச்சுப் பாத்தேன், எதுவும் ஞாபகம் வரல.

உடனே எடுத்துட்டு வர முடியுமா. முடியாது. அதுக்கு மொதல்ல வீடு கட்டணும். எப்சிபா, அக்கா, தொட்டி தயாராகாம நான் தரமாட்டேன்னுட்டா. கண்ணாடித் தொட்டி வச்சு, முழுங்க முடியாத அளவுக்குப் பெரிய கூழாங்கல்லாப் பொறுக்கிப் போட்டு, ஏறி உக்கார ஒரு கல்லு, ஒளிய உடைஞ்ச மண்சட்டி, பாசி, தப்பிச்சு ஓடாம மேல வலைமூடி. சென்னை வெயிலு அதுக்கு ஆகாது, தண்ணி குளுந்து இருக்கணும், அதுக்காக ரெண்டு குட்டி ஃபேன் தண்ணிமேல காத்து வீசுற மாதிரி மாட்டி, ஐஸ் பாட்டில் மிதக்க விட்டு. எல்லாத்துக்கும் நடுவுல அந்தப் பஞ்சு. சின்ன மோட்டார் காத்து அடிக்கும், தண்ணி பஞ்சு வழியா இழுபட்டுச் சுத்தமாகும். ஆனா புதுப் பஞ்சு எதுக்கும் உதவாது. அதுல கிருமி குடியேறணும். இந்த ஜீவன் தோலாலயும் மூச்சு விடும், தண்ணியில என்ன இருந்தாலும் உடம்புக்குள்ள போயிரும், அதோட கழிவே அதுக்கு விஷம். அந்த விஷத்தத் தின்னு தீக்கிறது பஞ்சுல இருக்கிற கிருமிதான். அது வந்து சேர்ற வரைக்கும் வெறுந்தொட்டிக்குத் தெனமும் ஒரு சிட்டிகை தீனி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவுக காப்பி டம்ளரோட வந்து நின்னு, "உள்ள ஒண்ணுமே இல்லையேட்டி, யாருக்குச் சோறு போடுத"ன்னு கேட்டாக. கிருமிக்குன்னேன். ஊர்ல உள்ள கிணறு அத்தனையிலயும் பிளீச்சிங் பவுடர் போட்ட மனுஷன்கிட்ட, அவர் வீட்டுக்குள்ளயே நான் கிருமி வளக்கேன்னு சொன்னா எப்படி இருக்கும். டம்ளரத் தொட்டிப் பக்கத்துலேருந்து கொஞ்சம் நகட்டிப் பிடிச்சுக்கிட்டாக.

அவுக கழுவாத பொருள் இந்த வீட்டுல என்ன இருக்கு. கேஸ் சிலிண்டர் வந்தா அதுக்குக் குளியல். வாழைப்பழத்தச் சீப்போட கழுவி, தொடச்சு, அப்புறந்தான் உரிப்பாக. சாவிக்கொத்தக் கழுவுவாக. கல்யாணமான புதுசுல எங்கம்மா குடுத்துவிட்ட தோசக்கல்லு, எங்க வீட்டுல பல காலம் எண்ணெ குடிச்சுப் பழகின கல்லு, கறுகறுன்னு வழவழன்னு இருக்கும், மாவ ஊத்தினா தோச தானா எழும்பி வரும். அத ஒரு நாள் நான் கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள செங்கப்பொடியும் தேங்கா நாரும் போட்டு வெள்ளி மாதிரி தேச்சு வச்சிருந்தாக. "எவ்வளவு அழுக்கு தெரியுமா, தேய்க்கத் தேய்க்க வருது"ன்னு பெருமையா நின்னாக. அதுக்கப்புறம் ஒரு தோச முழுசா எழும்பல. பிச்சுப் பிச்சு எடுத்தேன். இதே வடிவு மதினிதான் அப்ப, எங்க தம்பிக்கு ஒரு தோச ஊத்தத் தெரியாதவளாப் பாத்துக் கட்டி வச்சுட்டாங்களேன்னு பக்கத்து வீட்டுல போயிச் சொன்னாக. கல்லத் தேச்சது உங்க தம்பிதான்னு சொல்லியிருக்கலாம், சொல்லல. அப்ப சொல்லாதது இப்ப வந்து முன்னால நிக்குது, என்னத்தச் செய்ய. பஞ்சப் பத்தி அவுகளுக்கு விளக்கினப்பக்கூட அந்தக் கல்லத்தான் எடுத்துச் சொன்னேன். பழகின தோசக்கல்லு மாதிரிங்க இது, பாத்தா அழுக்கு, ஆனா அந்த அழுக்குதான் வேலை செய்யுது, இதத் தேய்க்கப் பிடாது. தலைய ஆட்டுனாக. ஆட்டுனாகளா இல்லையா. கல்ல ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். எந்தக் கல்லுன்னாக.

நேத்து ஆயுத பூஜ. நான் அடுப்படியில சுண்டலும் வடையும் பாயாசமுமா விடிஞ்சதுலேருந்து வெந்துக்கிட்டு இருந்தேன். அவுக வீட்டுல உள்ள கருவிகளக் கழுவிப் பொட்டு வைக்கிறாக. வைக்கட்டும். அருவாமன, சுத்தியல், தையல் மெஷின், ஸ்கூட்டர், எல்லாம் சரி. அப்படியே இந்த ரூமுக்குள்ளயும் வந்திருக்காக. தொட்டியும் மெஷின்தானேன்னு தோணியிருக்கு. பஞ்ச வெளிய எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில ஊறப்போட்டு, அலசிப் பிழிஞ்சு, வெள்ள வெளேர்னு ஆக்கித் திரும்ப மாட்டியிருக்காக. குழாத்தண்ணியில உள்ள குளோரின் போகணும்னு நான் ரெண்டு வாளியில பிடிச்சு ஆறப்போட்டிருந்தேன் பாருங்க, அந்தத் தண்ணியத் தூக்கி ஸ்கூட்டர் கழுவியிருக்காக. அப்புறம் கண்ணாடியில சந்தனம், அதுமேல குங்குமம், மூடியில ஒரு சாமந்திப் பூ. எல்லாம் முடிச்சுட்டு மோட்டாரும் ஃபேனும் ஓடுற சுவிட்ச நிறுத்தியிருக்காக. ஏன் நிறுத்துனீங்கன்னு காலையில கேட்டேன். "பூஜையில வச்ச மெஷின ஓட்டலாமா, அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா, மறுபூஜ முடிஞ்சு போட்டுக்கிடலாம்னு இருந்தேன்"னாக. ஓய்வு. ஃபிரிட்ஜுக்கு ஓய்வு குடுத்தாகளா. தயிர் புளிச்சிரும். குடிதண்ணி ஃபில்டருக்குக் குடுத்தாகளா. தாகம் எடுக்கும். அவுக படுத்திருக்கிற ரூம்ல ஃபேனுக்குக் குடுத்தாகளா. கிரைண்டரும் மிக்ஸியும் ஓடி ஓடித்தான் வட வந்துச்சு, அத யாரும் நிறுத்தல. அடுப்படியில நின்ன எனக்கு யாரு ஓய்வு குடுத்தா. வீட்டுல உள்ள மெஷின்லயே என்னுதுக்கு மட்டுந்தான் நேத்து ஓய்வு.

காலையில தீனி போட வந்தப்பதான் தெரிஞ்சுச்சு. ரூம் அமைதியா இருந்துச்சு. குமிழ் சத்தம் இல்ல. தொட்டிக்குள்ள கைய விட்டா தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. பெரியவ கல்லோட உச்சிக்கு ஏறி, இதுக்கு மேல ஏற இடமில்லாம மூடி வலையில மூக்க முட்டிக்கிட்டு இருக்கா. சின்னவன் தண்ணியில சரிஞ்சு மிதக்கான், வாயத் தொறந்து தொறந்து மூடுறான், தோலு மேல பால் படிஞ்ச மாதிரி ஒரு மங்கல். அவன் எப்பவுமே கொஞ்சம் நோஞ்சான். மண்புழுவ நறுக்கி இடுக்கியில பிடிச்சு மூக்குக்கு நேரா ஆட்டினாத்தான் திம்பான். சைவ வீட்டுல மண்புழு நறுக்குறியான்னு மதினி மூக்கப் பொத்திக்கிட்டாக, நறுக்கினேன், மொட்டமாடித் தொட்டிச் செடியில தோண்டி எடுத்து நறுக்கினேன், அவன் தலையச் சாச்சு ஒரே கவ்வா கவ்வும்போது எனக்கு வந்த சந்தோசம் பிள்ள பெத்தப்பகூட வந்துச்சான்னு தெரியல. எப்சிபாவுக்குப் போன் பண்ணினேன். ரெண்டையும் வெளிய எடுத்து ஈரத்துணியில வைங்கக்கா, தொட்டியில பழைய தண்ணிய இறைச்சுட்டு குடிக்கிற ஃபில்டர் தண்ணிய ஊத்துங்க, இப்போதைக்கு அது போதும், என் தொட்டியில ஓடுற பழைய பஞ்சு ஒண்ணு தாரேன், ஆள அனுப்புங்க, அப்படியே ஈரத்தோட கொண்டாந்து உள்ள பிழிஞ்சு விட்டுட்டு வைங்க, கழுவிராதீங்க, காய விட்டுராதீங்கன்னா. அந்த ஃபில்டர்ல நூலாத்தான் தண்ணி வரும். சொம்பு சொம்பாப் பிடிச்சு ஊத்தி, இப்பத்தான் ரொம்பியிருக்கு. நான் போறேன்னேன். "நீ இருட்டி, இதுங்களத் தொட எனக்குப் பயம், நான் போறேன்"னு அவுகளே கிளம்பினாக. ஸ்கூட்டர எடுக்கல, இன்னும் மறுபூஜ ஆகல, அதுல வாழக்கன்னு கட்டியிருக்கு. போன எடுத்துட்டுப் போங்கன்னேன். போனும் பூஜையில இருக்கு. புஸ்தகத்துக்கு மேல, பொட்டு வச்சு. அதனால இப்ப, கழுவிராதீங்கன்னு மூணாந்தடவையாச் சொல்ல எனக்கு வழியில்ல.

மதினி உள்ள வந்தாக. கையில கிண்ணம். "கொஞ்சம் சுண்டலாவது தின்னேம்ட்டி. காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல." வேண்டாம் மதினின்னேன். டப்பாவ எட்டிப் பாத்தாக. "செத்துப் போச்சோ?" இல்லன்னேன். "நல்ல நாளும் அதுவுமா அவன வெறும் வயித்தோட பஸ்ல விரட்டி விட்டிருக்க. எதுக்கு, ஒரு பல்லிக்கு." பல்லி இல்ல மதினி. "சரி, என்னமோ ஒண்ணு. அவன் என்ன கெட்டதா செஞ்சான். சுத்தம் பண்ணிப் பொட்டு வச்சான். நல்லதுக்குத்தானே செஞ்சான்." இந்தா வந்துருச்சு. கெட்டதுக்குச் செஞ்சிருந்தா நான் சண்டை போடலாம், மதினி. கெட்டதுக்குச் செய்றவனக் கைய நீட்டிக் கேக்கலாம், நாலு பேரக் கூப்பிட்டு வச்சுப் பேசலாம். இந்த நல்லதுக்குச் செய்றவங்ககிட்ட என்னத்தக் கேக்க. கேட்டா நாமதான் நன்றி கெட்டவ. இதெல்லாம் வாய்விட்டுச் சொன்னேனான்னு ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகமாப் போச்சு. சொல்லல போல, மதினி சுண்டல வாயில போட்டுக்கிட்டு தொட்டியில உள்ள சந்தனப் பொட்டையே பாத்துக்கிட்டு நின்னாக. "அழகாத்தான் வச்சிருக்கான்"னாக. "நேத்து எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா, காந்தியோட வண்டிக்கும் பொட்டு வைக்கணும்க்கா, இல்லன்னா அவ முகம் வாடிரும்னான். வண்டின்னா எந்த வண்டிடான்னு கேட்டா, இந்தத் தொட்டியக் காட்டுதான்." சொல்லிட்டுக் கிண்ணத்த வச்சுட்டுப் போயிட்டாக.

இத ஏன் எங்கிட்டச் சொன்னாக. இத்தன மாசமா அதப் பல்லின்னு தவிர வேற பேரு சொல்லாத மனுஷன், இடுக்கியப் பாத்தாலே வெந்நீர்ல போடுற மனுஷன், என் முகம் வாடிரும்னு சொன்னாகளாம். அப்ப என் முகம் தெரியுது. தோசக்கல்லு அன்னைக்குத் தெரியலையா என் முகம். கொஞ்சம் மனசு இளகப் பாத்துச்சு, இளக விடல நான். இதுதானே எப்பவும் நடக்கிறது. செய்றதயும் செஞ்சுட்டு கூடவே ஒரு பொட்டும் வச்சிருவாங்க, அந்தப் பொட்டப் பாத்து நாம உருகி நிக்கணும், உள்ள கிடக்கிறது செத்துக்கிட்டு இருக்கும். அன்பா இருந்தா கேட்டுட்டுச் செய்யணும். காந்தி, இதக் கழுவலாமான்னு ஒரு வார்த்த. அடுப்படிக்கும் இந்த ரூமுக்கும் எவ்வளவு தூரம். ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் மாவுக் கையோட ஓடி வந்திருப்பேன். கேக்க மாட்டாங்க. கேட்டா வேண்டாம்னு சொல்லிருவோம்னு பயம். துணிய மறுபடி நனைச்சேன். சின்னவன் முதுகத் தொட்டேன். குளுந்து, வழுக்கி, எப்பவும் போலத்தான் இருக்கு. ஆனா விரலத் தள்ளல. எப்பவும் தொட்டா பின்னங்கால இழுத்து என் விரல எட்டித் தள்ளுவான், போ அங்கிட்டுன்னு. தள்ளுடா. ஒரு தடவ தள்ளு. தொண்டைக்குக் கீழ அந்தச் செவப்பு லேசா ஏறி இறங்குதா, இல்ல என் மடி ஆடுறதுல டப்பா ஆடுதா. மூச்ச அடக்கிக்கிட்டுப் பாத்தேன். சரியாத் தெரியல. அந்த ஜாடி ஞாபகம் வந்துச்சு. வெளுத்துப்போன அந்த விரலு. செத்தா இந்த நிறமும் போயிரும். எப்சிபா தண்ணி பத்திச் சொன்னா, பஞ்சு பத்திச் சொன்னா, செத்துப் போனா என்ன செய்யணும்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல.

எப்சிபாவுக்கு மறுபடி போன் போட்டேன். கடையில கூட்டம், பின்னால குழந்தைங்க சத்தம். "அண்ணாச்சி வந்தாகக்கா. வாங்கிட்டுக் கிளம்பி நேரமாச்சு. உங்கள மாதிரியே நாலு கேள்வி கேட்டாக." என்ன கேட்டாகன்னேன். "எவ்வளவு நேரம் தாங்கும், எப்படிப் பிடிக்கணும், இதெல்லாம். அப்புறம்..." என்ன அப்புறம். "குழாய் எங்க இருக்குன்னு கேட்டாக." எதுக்குக் கேட்டாக. "கூட்டமா இருந்துச்சுக்கா, பின்னால இருக்குன்னு கையக் காட்டிட்டேன், எதுக்குன்னு கேக்கல." போன வச்சுட்டேன். குழாய். சொன்னேன்ல. காலையிலேருந்து என் புத்தி அந்தக் குழாயிலயே நின்னுச்சுன்னா சும்மாவா நின்னுச்சு. கை கழுவக் கேட்டிருக்கலாம். கால் கழுவக் கேட்டிருக்கலாம். பஸ்ல போயிட்டு வந்த கால், அவுக கழுவாம இருக்க மாட்டாக. ஆனா ஒரு கையில பஞ்ச வச்சுக்கிட்டு, குழாயத் தொறந்து, தண்ணி வர்றதப் பாத்துக்கிட்டு, அவுகளால சும்மா நிக்க முடியுமா. எச்சி ஊறுற மாதிரி ஊறும் அவுகளுக்கு. கொஞ்சம், மேலாப்புல, லேசா ஒரு அலசு. அந்த லேசா போதும். வந்து நின்னு என்ன சொல்லுவாகன்னு வார்த்தைக்கு வார்த்த எனக்குத் தெரியும். ரொம்ப அழுக்கா இருந்துச்சுட்டி, நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாதேன்னு லேசா அலசினேன், நல்லதுக்குத்தானே. அப்படி மட்டும் சொல்லட்டும். நான் இந்த வாட்டி தலையக் குனிஞ்சுக்கிட்டு அடுப்படிக்குப் போக மாட்டேன். இந்த டப்பாவ எடுத்துக்கிட்டு மக வீட்டுக்குப் போயிருவேன். மக வீட்டுல வச்சுக்கிட மாட்டா, மாப்பிள்ளைக்குப் பிடிக்காது. எப்சிபா கடையில போயி உக்காருவேன். மூலையில ஒரு ஸ்டூல் குடுன்னு கேப்பேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்லுதேன், இந்த வயசுல ஒருத்தி ஒரு பஞ்சுக்காக வீட்ட விட்டுப் போனான்னு ஊர் சிரிக்கட்டும். பஞ்சுக்காகப் போகலன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்.

காலிங் பெல் அடிச்சுச்சு. எழுந்திரிக்க முடியல, கால் மரத்துப் போயிருந்துச்சு. மதினி போயித் திறந்தாக. "அட கண்றாவியே, என்னடா இது கோலம்"னு மதினி குரல். அப்புறம் செருப்பக் கழட்டுற சத்தம். ரூம் வாசல்ல வந்து நின்னாக. நான் மொதல்ல முகத்தப் பாக்கல, கையப் பாத்தேன். ரெண்டு கையையும் குவிச்சு நெஞ்சுக்கு நேராப் பிடிச்சிருக்காக, உள்ள அந்தப் பஞ்சு. பழுப்பா, கொழகொழன்னு, சாக்கடையில எடுத்த மாதிரி. விரல் இடுக்குல எல்லாம் பழுப்புத் தண்ணி வடிஞ்சு முழங்கை வரைக்கும் காஞ்சு போயிருக்கு. சட்டையில, வேட்டியில, மடி முழுக்க அந்தக் கறை. திருநீறு வேர்வையில கரைஞ்சு மூக்குல இறங்கியிருக்கு. ஒரு நாத்தம், குளத்து அடிமண்ணு நாத்தம். "கவர் ஓட்ட. பஸ்ல ஏறினதுமே ஒழுகிருச்சு"ன்னாக. "தண்ணியெல்லாம் போயிருச்சு. காயப்பிடாதுன்னியே. அதான் ரெண்டு கையிலயும் பொத்திப் பிடிச்சுக்கிட்டேன். பக்கத்து சீட்டுக்காரன் எந்திரிச்சுப் போயிட்டான். அப்புறம் அந்த சீட்டுல யாருமே உக்காரல." குழாய் கேட்டீங்களாமேன்னேன். "கை கழுவத்தான் கேட்டேன். குழா கிட்டப் போயிட்டேன். தொறந்துட்டேன்"னாக. நிறுத்துனாக. "தண்ணி தெறிச்சுக் கவருக்குள்ள பஞ்சுல பட்டுருமோன்னு அடைச்சுட்டு வந்துட்டேன். குளோரின் வாட நல்லாவே இருந்துச்சு அதுல."

டப்பாவ ஸ்டூல்ல வச்சுட்டு அவுக கையிலேருந்து பஞ்ச வாங்கினேன். தொட்டிக்குள்ள முக்கிப் பிழிஞ்சேன். பழுப்பு மேகம் மாதிரி தண்ணி முழுக்கப் பரவுச்சு, ஒண்ணுமே தெரியல. வெள்ளப் பஞ்சக் கழட்டிப் போட்டுட்டு இத மாட்டி, சுவிட்சப் போட்டேன். குமிழ் சத்தம் வந்துச்சு. ஃபேன் சுத்துச்சு. கலங்கல் கொஞ்சம் கொஞ்சமா அடங்குற வரைக்கும் நானும் நின்னேன், அவுகளும் கைய நீட்டிப் பிடிச்சுக்கிட்டே நின்னாக. பெரியவள விட்டேன், கல்லு மேல ஏறாம நேரா உள்ள இறங்கி மண்சட்டிக்குள்ள போயிட்டா. சின்னவன உள்ளங்கையில ஏந்தித் தண்ணிக்குள்ள இறக்கினேன். கைய விடல. கையோட வச்சுக்கிட்டே இருந்தேன். தண்ணி என் மணிக்கட்ட இழுத்துச்சு. கட்டவிரலால அவன் முதுகத் தடவினேன். ஒண்ணுமில்ல. மறுபடி தடவினேன். பின்னங்கால் மெதுவா மடங்குச்சு, மடங்கி என் விரல ஒரு தள்ளு தள்ளுச்சு. ரொம்ப லேசா. ஆனா தள்ளுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, அத அவுக பாக்க வேண்டாம்னு தொட்டிப் பக்கமே குனிஞ்சுக்கிட்டேன். கோவம் அப்படியேதான் இருந்துச்சு, அது எங்கயும் போகல.

"இப்பக் கையக் கழுவலாமாட்டி?"ன்னு கேட்டாக.

திரும்பிப் பாத்தேன். காஞ்ச அழுக்கு விரல்ல வெடிச்சு நிக்குது. அவுக விரல் ஒண்ணோட ஒண்ணு படாம விரிச்சு வச்சிருக்காக. இத்தன வருஷத்துல இந்த மனுஷன் எங்கிட்ட ஒண்ண, செய்யலாமான்னு கேட்டது இதுதான் மொதத் தடவ. கழுவினா ஒண்ணும் ஆகாது. கழுவணும், உண்மையில.

கழுவக் கூடாதுன்னேன்.

"ஏன்?"

"நல்லதுக்குத்தான்"னேன்.

தலைய ஆட்டல அவுக. கைய அப்படியே நீட்டிக்கிட்டு, தொட்டியப் பாத்துக்கிட்டு நின்னாக.